சிலம்பில் ஊழும் ஆராயாமையும்: காப்பியமும் திரையும் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

சிலப்பதிகாரம் பற்றி எழுந்த ஆராய்ச்சிகளுள் ஊழ் பற்றியன பலவாகும். அவற்றைத் தொகுத்து நோக்குவார் இருவேறு முடிபுகளைக் காண்பர். ஊழின் வலியை உலகிற்கு உணர்த்தவே இளங்கோவடிகள் காப்பியம் செய்தார் என்பது ஒன்று. ஊழ் என்பது அக்காலச் சமயக் கொள்கையின் மேற்பூச்சே என்பதும், அதனை நீக்கி நோக்கின் எஞ்சி நிற்பது அரசநீதி பிழைத்த வரலாறே என்பதும் மற்றொன்று. இவ்விரு முடிபுகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், ஓரிடத்தில் உடன்பட்டு நிற்கின்றன. ஊழ் வேறு, சமுதாயக் குறை வேறு என்பதும், ஒன்றைக் கொள்ளின் மற்றொன்றைத் தள்ளவேண்டும் என்பதும் இரு சாரார்க்கும் ஒத்த கருத்தாகும்.

அவ்வாறு தள்ளவேண்டுவதில்லை. அடிகள் ஊழ் என்று சுட்டுமிடங்களை ஒருங்கு வைத்து நோக்கின், ஆராயாது தண்டித்த ஒரு பிழை தலைமுறை கடந்து மீண்டும் வந்து நிற்றலையே அச்சொல்லால் குறித்தார் என்பது புலனாகும். அதனைக் காப்பியத்தின் அகச்சான்றுகளால் நிறுவுதலும், அக்கதையை எடுத்தாண்ட நாட்டார் கதை, நாடகம், திரைப்படம் ஆகியவை இவ்வுண்மையை எவ்வளவு பேணின என்று மதிப்பிடுதலும் இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியில் கொங்கு நாட்டார்க்குத் தனி உரிமையும் உண்டு. பாண்டி நாட்டில் மழை பொய்த்தபின் கண்ணகிக்கு விழவெடுத்தோரைக் கூறும் உரைபெறு கட்டுரை, கொங்கிளங் கோசர் தம் நாட்டில் அவளுக்கு விழாக் கொண்டாடியதையும் குறிக்கின்றது. அநீதிக்கு ஆளான ஒருத்தியைத் தெய்வமாக்கி வழிபட்ட நாடு, அந்த அநீதி எவ்வாறு நேர்ந்தது என்பதையும் ஆராயக் கடமைப்பட்டதாகும்.

மயக்கம் மூன்று

காப்பியத்துள் ஊழின் வருகைக்கு முன்னெல்லாம் ஒரு மயக்கம் நிகழ்கின்றது. பொருளை உள்ளவாறு காணாது வேறாகக் காண்டலே ஈண்டு மயக்கம் எனப்படுவது. அவற்றுள் மூன்று சிறப்பாக ஆராயற்பாலன.

முதலாவது கானல்வரியில் நிகழ்வது. கடற்கரையில் கோவலன் யாழிசைத்துப் பாடுகின்றான். அவன் பாட்டு வேறொருத்தியைக் கருதியது போல இருத்தலின் மாதவி ஊடல் கொள்கின்றாள். தானும் அவ்வாறே பாடுகின்றாள். அவள் பாடியது கலைமரபு பற்றிய பாட்டு. அதனை வாழ்க்கையுண்மையாகக் கொண்ட கோவலன் அவளைப் பிரிகின்றான். யாழிசையைக் காரணமாக வைத்து ஊழ் வந்து சினந்தது என்னும் கருத்துப்பட அடிகள் அவ்விடத்தே கூறுகின்றார். ஊழைச் சுட்டுமுன் பாட்டுகளை முழுவதும் நம் செவிப்படுத்தி, எந்தச் சொல் எவ்வாறு பிறழ உணரப்பட்டது என்பதை அவர் காட்டிவிடுகின்றார். ஒரு சொல்லேனும் கேட்டுத் தெளிந்திருப்பின் அப்பிரிவு நேர்ந்திராது.

இரண்டாவது காடுகாண் காதையில் வருவது. மதுரைக்குச் செல்லும் வழியில் நீர்வேட்கையால் ஒரு பொய்கையை அடைந்த கோவலன்முன், வனசாரிணி என்னும் கானுறை தெய்வம் மாதவியின் தோழி வயந்தமாலையின் வடிவு கொண்டு வந்து, அடியில் வீழ்ந்து அழுகின்றது. காப்பியத்துள் உண்மையான மாயம் என்று சொல்லத்தக்கது இதுவே. ஆயினும் கோவலன் இதில் வீழவில்லை. அவ்வழியில் இத்தகைய மயக்குந் தெய்வம் உண்டு என்று மறையோன் முன்னரே அறிவித்திருந்ததை நினைந்து, மந்திரத்தால் அதனைச் சோதிக்கின்றான். தெய்வம் தன் உண்மையை ஒப்புக்கொண்டு நீங்குகின்றது. ஐயுற்று ஆராய்ந்தவன்முன் தெய்வ மாயமும் நில்லாது என்பதைக் கொலைக்களத்திற்கு முன்னரே அடிகள் நாட்டிவிடுகின்றார். இந்நிகழ்ச்சியைக் கதைப்போக்கிற்கு வேண்டாத இடைச்செய்தி என்று கருதுவார் இப்பயனை நோக்கினாரல்லர்.

மூன்றாவது கொலைக்களக் காதையில் உள்ளது. சிலம்பைத் தான் கவர்ந்த பொற்கொல்லன் பழியைக் கோவலன்மேல் ஏற்றி, காவலரை அழைத்து வருகின்றான். கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்று ஐயுறுகின்றனர். அவ்வையமே கோவலனைக் காத்திருக்கும். பொற்கொல்லனோ மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டும் கள்வர்க்குத் துணை என்று விரித்துரைத்து, அவர்கள் கண்ட நற்றோற்றத்தையே கள்வரின் சூழ்ச்சிக்குச் சான்றாக மாற்றிவிடுகின்றான். குற்றமின்மையின் அடையாளமே குற்றத்தின் அடையாளமாக ஆக்கப்பட்டபின், ஒருவன் தன்னை எதனால் காத்துக்கொள்ள இயலும்? ஐயம் முற்றும் தீருமுன்னரே கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசுகின்றான்.

வனசாரிணியின் மாயத்தை வென்ற கோவலன் பொற்கொல்லனின் சொல்லுக்கு இரையானது ஏன்? முன்னதில் ஆராயும் உரிமை அவன் கையில் இருந்தது. பின்னதில் அது அரசின் கையில் இருந்தது. அரசோ ஆராயவில்லை. தெய்வ மாயத்தினும் கொடியது, அதிகாரத்தின் காதில் ஓதப்படும் பொய் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளின் ஒப்புமை தெரிவிக்கின்றது.

அரசன் சொல்

ஊடிய தேவியை நாடிச் சென்றுகொண்டிருந்த பாண்டியன், பொற்கொல்லன் கூறியதைக் கேட்ட அளவில் காவலரை விளித்துக் கட்டளையிடுகின்றான். வினை விளையும் காலமாதலின் அவ்வாறு கூறினான் என்பது அடிகள் தரும் குறிப்பு. கொல்லுதற்பொருட்டுக் கொண்டு வருக எனக் கூறக் கருதியவன், கொன்று சிலம்பைக் கொண்டு வருக என வாய்சோர்ந்தான் என்று உரைமரபில் ஒரு விளக்கமும் உண்டு. இவ்விளக்கத்தை ஏற்பினும் மன்னன் பிழை குறைவதில்லை. ஓர் உயிரைப் பற்றிய ஆணையைச் செல்லும் வழியில், சான்று காணாது, ஒருவன் வாய்மொழியை மட்டுமே கொண்டு பிறப்பித்தமையே அவன் பிழை. வள்ளுவரும் செங்கோன்மைக்கு ஆராய்தலையே முதல் இலக்கணமாக வைத்தார். கண்ணகி மன்னனை விளிக்கும் விளியும் ஆராயாதவன் என்னும் பொருளதேயாகும்.

மேலும் ஒன்று. சிலம்பின் பரல் மாணிக்கம் எனக் கண்ட பாண்டியன் ஊழின்மேற் பழி போடவில்லை, பொற்கொல்லன்மேலும் போடவில்லை. கள்வன் தானே என்று தன்னையே குற்றவாளியாக்கி அரியணையிலிருந்து வீழ்ந்து மாய்கின்றான். ஊழைக் காரணமாகக் காட்டித் தப்புதற்கு எல்லா வாய்ப்பும் பெற்ற ஒருவன் அதனைக் காட்டாமையே அவன் பெருமையாக அடிகளால் போற்றப்படுகின்றது. ஆகவே, ஊழ் என்பது பொறுப்பைத் துடைக்கும் சொல்லாக இக்காப்பியத்தில் ஆளப்படவில்லை என்பது தெளிவு.

மதுராபதி கூறிய இரு வரலாறுகள்

இதற்கு மறுப்பாகக் கட்டுரை காதையைக் காட்டுவார் உண்டு. அங்கே மதுரைமா தெய்வம் கண்ணகியின்முன் தோன்றிக் கோவலனின் முற்பிறப்பைக் கூறுகின்றது. முற்பிறப்பின் வினையே இக்கொலைக்குக் காரணமெனின், அரசன் பிழை வெறும் கருவியாகிவிடும் என்பது அவர் வாதம். அத்தெய்வம் கூறும் வரலாற்றின் உள்ளீட்டை நோக்கினால் இவ்வாதம் நில்லாது.

கலிங்க நாட்டில் சிங்கபுரத்து அரசனும் கபிலபுரத்து அரசனும் பகைகொண்டிருந்தனர். கபிலபுரத்து வணிகனாகிய சங்கமன், மனைவி நீலியுடன் சிங்கபுரம் சென்று அணிகலன் விற்றான். அவ்வூர் அரசனிடம் பணிபுரிந்த பரதன் என்பான், சங்கமன் பகைநாட்டு ஒற்றன் என்று அரசனிடம் கூறிக் கொலை செய்வித்தான். நீலி தெருவெங்கும் அரற்றித் திரிந்து, பதினான்கு நாள் கழிந்தபின் மலையேறி, தமக்குத் துன்பம் செய்தோர் இத்துன்பமே எய்துக எனச் சாபமிட்டு உயிர்விட்டாள். பரதனே கோவலனாகப் பிறந்தான் என்பது தெய்வத்தின் கூற்று.

அயலூர் சென்று அணிகலன் விற்ற வணிகன். அரசனின் காதில் ஓதப்பட்ட பொய். ஆராயாது நிகழ்ந்த கொலை. தெருவில் நீதி கேட்டு அழுத மனைவி. கோவலன் கதையின் உறுப்புகள் அனைத்தும் சங்கமன் கதையிலும் உள்ளன. ஊழுக்குக் காரணமாக அடிகள் வேறு எந்தப் பாவத்தையும் படைத்திருக்கலாம். பசுவைக் கொன்றது, தவத்தோரை இகழ்ந்தது எனக் கூறுதற்குரிய கதைகள் சமயநூல்களில் மிகப் பல. அவற்றை விடுத்து, இந்தப் பிழையின் அச்சாகவே அந்தப் பிழையையும் அமைத்தார். எனவே ஊழ் என்பது இங்கே வெளியிலிருந்து வந்து புகுந்த ஆற்றலன்று. முன்னொரு நாட்டில் ஆராயாது செய்த கொலை, பின்னொரு நாட்டில் ஆராயாது செய்த கொலையாக மீண்டு வந்தது.

இன்னும் சிறப்பாக நோக்கத்தக்கது, இவ்வரலாற்றைக் கூறுமுன் அத்தெய்வம் கூறிய வார்த்திகன் வரலாறு. வார்த்திகனின் இளமகன் அணிகலன் அணிந்திருத்தல் கண்டு அழுக்காறுற்ற அரசப் பணியாளர், புதையற் பொருளைக் கவர்ந்தவன் என்று வார்த்திகனைச் சிறையிட்டனர். அவன் மனைவி நிலத்திற் புரண்டு அழுதாள். ஐயை கோயிற் கதவம் திறவாதாயிற்று. அதுகண்ட பாண்டியன் முறை பிழைத்ததுண்டோ என ஆராய்ந்து, உண்மை தெளிந்து, வார்த்திகனை விடுவித்துத் திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்துப் பொறுத்தல் வேண்டினான். கதவமும் திறந்தது.

சங்கமன், வார்த்திகன், கோவலன் ஆகிய மூவரும் பொருள் காரணமாகப் பொய்ப்பழி சுமந்தவர்கள். இருவர் ஆராயப்படாது மாண்டனர். ஒருவன் ஆராயப்பட்டு மீண்டான். ஊழே அனைத்தையும் நடத்துவது என்பது அடிகளின் கருத்தாயின் நடுவே வார்த்திகன் வரலாற்றுக்கு இடமில்லை. ஆராய்ச்சி நிகழ்ந்த இடத்தில் ஊழின் தொடர் அறுந்தது என்பதற்கே அவ்வரலாறு சான்றாக நிற்கின்றது. ஊழ் அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதியில் வைத்த வள்ளுவர், ஆள்வினையுடைமையில் தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்ற கருத்தை வைத்தமையும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது.

காப்பியம் தன் சமுதாயத்தின் குறையை மூடவில்லை என்பதற்கு மற்றொரு சான்றும் காட்டலாம். பாண்டியனுக்குப்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்னும் செய்தி நூலுள் வருகின்றது. ஒருவன் செய்த பிழைக்கு அவன் தொழிலோர் ஆயிரவர் மாண்டனர். அவருள் குற்றமுடையார் யார் என ஆராய்ந்ததாகக் குறிப்பில்லை. ஆராயாமைக்குக் கழுவாயாகச் செய்த செயலும் ஆராயாச் செயலாகவே முடிந்தது. இதனைப் பத்தினித் தெய்வத்தின் சிறப்பாக மட்டும் கூறிச் செல்லும் திறனாய்வு, அவ்வாயிரவர்க்கும் நீதி மறுப்பதாகும்.

நாட்டார் கதையும் நாடகமும்

1892-இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பிக்குமுன் தமிழ் மக்கள் பெரிதும் அறிந்திருந்தது கோவலன் கதையையே. அக்கதையில் கண்ணகி காளியின் பிறப்பு. பாண்டியன் மகளாகத் தோன்றி, பேழையில் இட்டு ஆற்றில் விடப்பட்டு, வணிகரால் வளர்க்கப்படுகின்றாள். பாண்டியனை அழித்தலே அவள் பிறப்பின் நோக்கம். மாதவியும் பொருள்பறிக்கும் கொடியவளாக மாறிவிடுகின்றாள். சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகமும் பெரிதும் இம்மரபைச் சார்ந்ததே.

இம்மரபில் நிகழும் மாற்றம் நுட்பமானது. அழிவு முன்னரே தெய்வத்தால் வகுக்கப்பட்டது எனின், பாண்டியன் ஆராய்ந்திருப்பினும் பயனில்லை. அரசவையில் கண்ணகி எடுத்துரைக்கும் வழக்கும் வழக்காக நில்லாது, தெய்வம் தன் வேடத்தைக் கலைக்கும் காட்சியாகிவிடுகின்றது. மக்கள் தம் துயரத்திற்கு ஆறுதலாகப் படைத்துக்கொண்ட கதை இது. அதனை இகழ்தல் தகாது. எனினும், காப்பியம் அரசின்மேல் வைத்த குற்றச்சாட்டு இங்கே தெய்வத்தின் திருவிளையாடலுள் மறைந்துபோயிற்று என்பதையும் கூறாதிருத்தல் இயலாது.

திரையில் கண்ணகி

1942-இல் ஜூபிடர் நிறுவனம் வெளியிட்ட கண்ணகி திரைப்படத்தில் பி. யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்தனர். உரையாடலை இளங்கோவன் எழுதினார். அரசவையில் கண்ணாம்பா பேசிய பகுதி பெரும்புகழ் பெற்றது. கற்றோர் மட்டுமே அறிந்திருந்த வழக்குரை காதையின் உயிர்நிலையைப் பல்லாயிரவர் செவியிற் சேர்த்தது அப்படமே. பாட்டே மேலோங்கியிருந்த தமிழ்த்திரையில், நீதி கேட்கும் உரைநடைக்கு இடம் பெற்றுத் தந்த சிறப்பு இளங்கோவனுக்கு உரியது.

1964-இல் பூம்புகார் வெளிவந்தது. மு. கருணாநிதி எழுத, ப. நீலகண்டன் இயக்கினார். எஸ். எஸ். இராசேந்திரன் கோவலனாகவும், விசயகுமாரி கண்ணகியாகவும், கே. பி. சுந்தராம்பாள் கவுந்தியடிகளாகவும் நடித்தனர். பகுத்தறிவியக்கத்தில் ஊன்றி நின்ற ஆசிரியர், ஊழையும் முற்பிறப்பையும் விடுத்து மனிதர் செயலையே காரணமாக நிறுத்த முயன்றார். இம்முயற்சி பாராட்டுதற்குரியது. நாட்டார் கதை தெய்வத்தினிடம் ஒப்படைத்த பொறுப்பு, இங்கே மீண்டும் அரசனிடமும் சமுதாயத்தினிடமும் வந்து சேர்ந்தது.

அப்படத்தின் பாட்டொன்று பற்றிப் பலரும் கூறும் செய்தி இவ்விடத்தில் நினையத்தகும். அரசன் அன்றே கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்னும் பழமொழியை அடியொற்றி, அத்தெய்வம் எங்கே போயிற்று என்று வினவுமாறு ஆசிரியர் ஓர் அடி எழுதினார் என்பர். முருகன்பால் நெஞ்சம் ஒன்றிய சுந்தராம்பாள் அதனைப் பாட இசையாமையால், தெய்வம் வந்துவிட்டது என்னும் பொருள்பட அவ்வடி மாற்றப்பட்டது என்பர். இருவர் பக்கத்தும் நேர்மை உண்டு. ஆயினும், தெய்வம் எங்கே என்ற வினாவாலும் தெய்வம் வந்தது என்ற விடையாலும் தீராதது அடிகளின் சிக்கல். அவர் வினவியது, ஆராய்ச்சி எங்கே போயிற்று என்பதாகும்.

பூம்புகார் திரைப்படத்தின் குறையும் அதன் சிறப்பிலிருந்தே பிறக்கின்றது. ஊழை நீக்கியபோது சங்கமனும் வார்த்திகனும் உடன் நீங்கினர். அவர்கள் நீங்கவே, கோவலன் கொலை ஓர் அரசன் ஒருமுறை செய்த தவறாகச் சுருங்கிற்று. ஒரே பிழை மீண்டும் மீண்டும் நிகழும் என்னும் அச்சுறுத்தும் உண்மை திரையில் இடம்பெறவில்லை. நாட்டார் கதை ஊழைக் கொண்டு அரசனை விடுத்தது. பகுத்தறிவுப் படம் அரசனைக் கொண்டு தொடர்ச்சியை விடுத்தது. இரண்டையும் ஒருங்கே கொண்டது காப்பியம் மட்டுமே.

விசாரணை

அத்தொடர்ச்சியைச் சிலப்பதிகாரத்தின் பெயரே கூறாத ஒரு படம் மீட்டது. 2015-இல் வெனிசு திரைப்பட விழாவில் காட்டப்பெற்ற விசாரணை, கோவையில் தானி ஓட்டி வாழ்ந்த மு. சந்திரகுமார் தம் பட்டறிவைக் கொண்டு எழுதிய லாக்கப் என்னும் நூலைத் தழுவியது. இயக்கியவர் வெற்றிமாறன். பிழைப்பு நாடிக் குண்டூர் சென்ற தமிழ்த் தொழிலாளர் சிலர், களவுக் குற்றம் சாட்டப்பெற்றுக் காவல் நிலையத்தில் அடைக்கப்படுகின்றனர். குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு அடிக்கப்படுகின்றனர். அயலூர், களவுப்பழி, ஆராயா அதிகாரம் என எல்லாம் மதுரையில் நாம் கண்டனவே. குற்றமற்றவன் என்று உறுதியாக நிற்றலே குற்றவாளியின் அழுத்தம் எனக் கொள்ளப்படும் இடத்தில், பொற்கொல்லன் உரைத்த எட்டுத் துணைகளை நாம் நினையாதிருத்தல் அரிது.

படத்தின் அமைப்பு இன்னும் கருதத்தக்கது. நீதிமன்றத்தில் அவர்கள் மொழியை அறிந்த தமிழ்நாட்டுக் காவல் அதிகாரி ஒருவர் அவர்தம் கூற்றைப் பெயர்த்துரைக்கின்றார். நீதிபதி அவர்களை விடுவிக்கின்றார். இஃது வார்த்திகன் பெற்ற நீதி. ஆயின் அவர்கள் தம் நாட்டிற்கு மீண்டபின், அதே அதிகாரியின் நிலையத்திலேயே வேறொரு கொலையை அறிய நேர்ந்து, அதன் பொருட்டே தாமும் கொல்லப்படுகின்றனர். முதற்பகுதி நூலைச் சார்ந்தது; பிற்பகுதி படத்திற்காகச் சேர்க்கப்பட்டது. ஊர் மாறினும் மொழி மாறினும் பிழை மாறவில்லை என்பதை அச்சேர்க்கை உணர்த்துகின்றது. எவரும் ஊழ் என்னும் சொல்லை வாயெடுத்துக் கூறாத இப்படத்தில் அடிகள் கருதிய ஊழ் முழுமையாக உள்ளது.

மங்கலத்து ஆறு

இவ்வாராய்ச்சி நூலகத்தோடு முடிவதன்று. திருப்பூர்க்கு மேற்கே நொய்யற்கரையில் உள்ளது மங்கலம். விசைத்தறிகளும் பின்னலாடைத் தொழிலும் சூழ்ந்த அவ்வூரில் ஆற்றின் குறுக்கே ஒரு பழைய தடுப்பணையும், அதனைச் சார்ந்து நல்லம்மன் கோயிலும் உள்ளன. அணை நிலைக்க ஒரு பெண் தன் உயிரைக் கொடுத்தாள் என்பதும், அவளே நல்லம்மன் என்பதும் அங்கு வழங்கும் வாய்மொழிக் கதை. கண்ணகிக்கு விழவெடுத்த நாட்டில் இவ்வழிபாடு வியப்பன்று. அவள் உயிர் கேட்கப்பட்டதா, கொடுக்கப்பட்டதா என்று கதை ஆராய்வதில்லை. தெய்வமாக்கிய அளவில் அவ்வினா அடங்கிவிட்டது. நாட்டார் கோவலன் கதை செய்ததும் இதுவே.

அந்த ஆற்றிற்குப் பின்னர் நேர்ந்ததையும் நாம் அறிவோம். சாயக்கழிவால் நொய்யல் நிறம் மாறிற்று. பாசனத்திற்கெனக் கட்டி 1992-இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. தேக்கிய நீரைத் திறந்துவிடாதீர் என்று உழவரே வேண்டும் நிலை வந்தது. வளர்ச்சியின் விலை இது என்பாரும், எங்கள் தலையெழுத்து இது என்பாரும் இருந்தனர். இரு கூற்றும் ஒன்றே. இரண்டும் ஆராய்தலைத் தடுப்பன. 1998-இல் வெளிவந்த சாயத்திரை என்னும் நாவலில் சுப்ரபாரதிமணியன் இச்சீர்கேட்டையே பொருளாகக் கொண்டார். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை முற்றும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அவ்வாணையால் வேலையிழந்த எளிய தொழிலாளர் பலர். அவருள் யாரும் ஆற்றைக் கெடுக்க முடிவு செய்தவரல்லர். கொற்கையில் மாண்ட ஆயிரவரை அவர் நிலை நினைவூட்டுகின்றது. எனினும் ஊழ் எனப்பட்ட ஒன்று வழக்காக எடுத்துரைக்கப்பட்டு ஆராயப்பட்டது என்பது சிறிய செய்தியன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. சிலப்பதிகாரத்தில் ஊழ் சுட்டப்படுமிடங்கள் மனிதரின் மயக்கத்தையும் ஆராயாமையையும் முன்னர்க் காட்டிய பின்னரே வருகின்றன. முற்பிறப்புக் கதையும் ஆராயாக் கொலையின் வரலாறே ஆதலின், அடிகளின் ஊழ் சமுதாயக் குறையின் தொடர்ச்சியைக் குறிப்பது. வார்த்திகன் வரலாறு அத்தொடர்ச்சி அறுபடக் கூடியது என்பதற்குச் சான்று. பின்வந்த நாட்டார் கதையும் நாடகமும் ஊழை மட்டும் கொண்டன. பூம்புகார் திரைப்படம் குறையை மட்டும் கொண்டது. விசாரணை இரண்டையும் தன் வழியில் இணைத்தது.

கட்டுரை காதையைச் சமயச் செய்தி எனக் கடந்து செல்லும் வழக்கம் நம் வகுப்பறைகளில் உள்ளது. தேர்வுக்குரிய பகுதியாக வழக்குரை காதையை வைத்து, அதனோடு பாடத்தை முடித்துவிடுகின்றோம். அவ்வாறு முடித்தலால் மாணவர் ஓர் அரசனின் தவறை மட்டும் கற்கின்றனர். சங்கமனின் மனைவி பதினான்கு நாள் தெருவில் அழுததையும், வார்த்திகன் பொருட்டு ஒரு மன்னன் ஆராய்ந்ததையும் அறியாது செல்கின்றனர். வழக்குரை காதையோடு கட்டுரை காதையையும் சேர்த்துப் பயிற்றுதல் வேண்டும். ஊழ் என்று யாரேனும் ஒரு துன்பத்தைச் சுட்டும்போது, அதன் பின்னே ஆராயப்படாத சங்கமன் எவன் என வினவும் பழக்கம் இலக்கிய மாணவர்க்கு அதனால் உண்டாகும்.